திருச்சியிலிருந்து மதுரைக்கு 27 நிமிடம்: பாதை மாறிய ஒரு விமானத்தின் கதை

திருச்சியில் ஏறி நேராக மதுரையில் இறங்க எந்த நிறுவனமும் விமானம் விடுவதில்லை. இருந்தும் போன ஐப்பசியில் நான் அந்தப் பயணத்தைச் செய்தேன். பக்கத்து இருக்கையில் முட்டிவலியோடு என் அத்தை. வண்டியின் வயிற்றில் அவளுடைய இரண்டு பெட்டிகள். ஒன்றில் சென்னையிலிருந்து மகள் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் பாத்திரங்கள். கதைக்கு அந்தப் பெட்டிகள் முக்கியம்.

நடந்ததைக் குறித்து வைத்திருக்கிறேன். பழக்கதோஷம், எங்கே போனாலும் மணியைப் பார்த்து எழுதிக்கொள்வேன். அந்தக் குறிப்புதான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம். விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை வாசலிலிருந்து வாசலுக்கு அளப்பதில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி உண்டு, பெரும்பாலும் ஓடுதளத்தின் நடுவாக்கில். பெருங்குடிக்குப் பக்கத்தில் உள்ள மதுரைப் புள்ளிக்கும், புதுக்கோட்டை ரோட்டில் உள்ள திருச்சிப் புள்ளிக்கும் நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 123 கிலோமீட்டர். விமானிகள் கணக்கில் 66 கடல் மைல் சொச்சம். சாலையில் நான்கு வழிச்சாலையைப் பிடித்து விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் வழியாக வந்து, உத்தங்குடியில் ரிங் ரோட்டுக்குள் திரும்பி, விரகனூரைத் தாண்டி மண்டேலா நகர் வந்தால் சுமார் 140. ரயில் இன்னும் சுற்று: மணப்பாறை, திண்டுக்கல் என்று மேற்கே வளைந்து 155 கிலோமீட்டர் அளவுக்குப் போகும்.

இணையத்தில் இரண்டு நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் ‘பயண நேரம் 39 நிமிடம்’ என்று வரும். அந்த எண் வரும் வழி எளிது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து 123-ஐ வகுத்தால் 9 நிமிடம். ஏற இறங்க என்று பொதுவாக ஒரு அரை மணி சேர்த்தால் 39. ஓடாத பஸ்ஸுக்கு நேர அட்டவணை போட்ட மாதிரிதான். அந்த ராத்திரி அது எவ்வளவு பொருந்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு சங்கதி. சென்னை, திருச்சி, மதுரை மூன்றும் வரைபடத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் இருக்கின்றன. சென்னை–திருச்சி நேர்தூரம் 293 கிலோமீட்டர் வாக்கில், திருச்சி–மதுரை 123. இரண்டையும் கூட்டினால் வரும் 416-தான் சென்னை–மதுரை நேர்தூரமும். ஆக, சென்னையில் கிளம்பி மதுரைக்குப் போகும் விமானம் திருச்சியை ஒட்டித்தான் போகிறது. பஸ்ஸில் போனவர்களுக்கு இது புதிதில்லை. விமானத்திலும் அப்படித்தான் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

அன்று நடந்தது

சென்னையிலிருந்து மதுரைக்கு மாலை 6:50-க்குக் கிளம்ப வேண்டிய ஏடிஆர் வண்டி, இறக்கைக்குக் கீழே விசிறி சுற்றுமே, அந்த ரகம். 7:05-க்கு நகர்ந்தது. எட்டு மணி சுமாருக்கு இடது ஜன்னலில் கீழே விளக்குக் குவியல் தெரிந்தது. திருச்சி என்று அத்தைக்குக் காட்டினேன். ‘மலைக்கோட்டை தெரியுதாடா?’ என்றாள். தெரிந்ததாகச் சொல்லிவைத்தேன்.

எட்டேகால் மணிக்கு வண்டி வளைய ஆரம்பித்தது. வளைந்தது, வளைந்துகொண்டே இருந்தது. தெற்கே வானம் உள்ளுக்குள் விளக்கு போட்டு அணைப்பதுபோல் மின்னிக்கொண்டிருந்தது. மதுரை மேல் இடிமழை, காத்திருக்கிறோம் என்று பைலட் சொன்னார். இப்படிக் காத்திருப்பதற்கு ஒரு முறை உண்டு: ஓவல் வடிவத்தில் ஒரு சுற்று, வழக்கமாக 4 நிமிடம். நான் எண்ணியது ஐந்து சுற்று. முன்வரிசையில் ஒரு பையன் நாலாவது சுற்றில் வாந்தி எடுத்தான். மீனாட்சியம்மனுக்கு அத்தை எலுமிச்சை மாலை நேர்ந்துகொண்டாள்.

இருபது நிமிடம் சுற்ற முடிந்தவர்கள் ஏன் நாற்பது நிமிடம் சுற்றவில்லை? திருச்சித் தூரத்தின் உண்மையான பயன் இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு விமானமும் கிளம்பும்போதே, போகும் ஊரில் இறங்க முடியாவிட்டால் எங்கே இறங்குவது என்று மாற்று நிலையம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறது. தொட்டியில் இருக்கும் எண்ணெய்க்குப் பங்கு பிரித்திருப்பார்கள்: மதுரை வரை ஒரு பங்கு, வழியில் கூடக்குறைய ஆனால் அதற்குக் கொஞ்சம், மதுரையிலிருந்து மாற்று நிலையத்துக்கு ஒரு பங்கு, கடைசியாகத் தொடவே கூடாத அரை மணி நேர இருப்பு. எண்ணெய் அளவு மாற்று நிலையப் பங்கைத் தொடும்போது பைலட் கிளம்பியாக வேண்டும். மழை இன்னும் ஐந்து நிமிடத்தில் விடும் என்று தோன்றினாலும் சரி.

ஆக 123 என்ற எண் பயணிக்கு எழுதப்பட்டதே அல்ல. அது எண்ணெய்க் கணக்கு.

மதுரைக்கு மாற்று என்றால் தெற்கே தூத்துக்குடிக்காரர்களின் வாகைக்குளம் நிலையமும் இருக்கிறதே என்று கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால் தூத்துக்குடி விமான நிலையமும் மதுரையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ அதே 123 கிலோமீட்டர்தான். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, நடுவில் மதுரை, தராசு பிடித்த மாதிரி. ஆனால் வாகைக்குளத்தில் பல வருஷமாக 1,350 மீட்டர் ஓடுதளம்தான் இருந்தது. ஏடிஆர் இறங்கும், பெரிய ஜெட் இறங்காது. 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், ஓடுதளத்தையும் 3,115 மீட்டருக்கு நீட்டும் திட்டம் அதோடு சேர்ந்தது. திருச்சியில் ஓடுதளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று ராத்திரி முழுக்க வண்டி வந்துபோகிற நிலையம், ஆள் இருப்பார்கள், எண்ணெய் வண்டி இருக்கும். அதுவும் தவிர, அன்று மழை தெற்கேதான் இருந்தது.

8:35-க்கு வண்டி வடக்கே திரும்பியது. 8:55-க்குத் திருச்சியில் இறங்கினோம். ‘இப்பத்தானடா இந்த ஊரைத் தாண்டி வந்தோம்’ என்றாள் அத்தை. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இறங்குவதா, இருப்பதா

வண்டியை ஓர் ஓரமாக நிறுத்தினார்கள். கதவு திறந்தது, படி வந்தது, யாரையும் இறங்கச் சொல்லவில்லை. எண்ணெய் போடும்போது இருக்கை பெல்ட்டைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். ஏதாவது ஆனால் உடனே ஓட வசதியாக, அதுதான் விதி. அத்தைக்கு இது பிடிபடவில்லை. ‘பறக்குறப்ப மாட்டுங்கறா, நிக்கிறப்ப கழட்டுங்கறா’ என்று முனகிக்கொண்டே இன்னும் இறுக்கிக் கட்டினாள். ஏர்ஹோஸ்டஸ் பெண் வந்து, ‘பாட்டி, கழட்டுங்க பாட்டி’ என்று கெஞ்சிக் கழற்றிவிட்டுப் போனது.

9:10-க்கு அறிவிப்பு: கைப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் விரும்பினால் எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். பெட்டி போட்டவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. காரணம் பாதுகாப்பு. ஆள் இல்லாமல் அவருடைய பெட்டி மட்டும் பறக்கக் கூடாது. ஒருவர் இறங்கினால் வயிற்றுக்குள் இருக்கும் அத்தனை பெட்டியையும் புரட்டி அவருடையதைத் தேடி எடுக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரங்கள் எங்கள் முடிவை எங்களுக்காக எடுத்துவிட்டன. சும்மா வேடிக்கை பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மேலூர் அண்ணன். நெல் வியாபாரம். அறிவிப்பு முடியும் முன்னே எழுந்துவிட்டார்.

‘தம்பி, நான் கிளம்புறேன்.’

‘இன்னும் ஒரு மணி நேரத்துல விட்டுருவாங்கண்ணே. அதுக்குள்ள கார்ல மதுரை போயிர முடியுமா?’

‘நான் ஏன் தம்பி மதுரைக்குப் போறேன்? எனக்கு மேலூர்ல வேலை.’

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையிலேயே மேலூர் இருக்கிறது, திருச்சி நிலையத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வாக்கில். மதுரை நிலையத்தில் இறங்கினாலும் ரிங் ரோடு சுற்றி நாற்பது கிலோமீட்டர் திரும்பி வடக்கே வர வேண்டும். டிக்கெட்டில் மதுரை என்று அச்சடித்திருந்தது. அவர் போக வேண்டிய ஊர் அது இல்லை.

பின்வரிசையில் காரைக்குடிக்குப் போகும் ஒரு தம்பதி. அவர்களுக்கு இது குலுக்கலில் விழுந்த பரிசு. திருச்சி நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. வாசலில் ஏறி நேராகப் போனால் புதுக்கோட்டை, அப்புறம் காரைக்குடி, எண்பது சொச்சம் கிலோமீட்டர். மதுரையில் இறங்கியிருந்தால் நூறுக்குக் கொஞ்சம் குறைவு. முதலிலேயே திருச்சிக்கு டிக்கெட் போட்டிருக்கலாமே என்று அந்த அம்மா கணவரைப் பார்த்த பார்வையில் காரைக்குடி வரை பேச விஷயம் இருந்தது.

மூன்றாவதாக எழுந்தது திருமங்கலத்துப் பையன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஊர் மதுரைக்கும் தெற்கே. பொறுமை இல்லை, அவ்வளவுதான். மேலூர் அண்ணன் காரில் பாதிக் காசு கொடுத்து ஒட்டிக்கொண்டான். மூன்று தரப்பும் 9:25-க்குப் படியிறங்கிப் போனார்கள். 2024-ல் திறந்த புது முனையம் அது, கோபுரச் சாயலும் சுவரெல்லாம் வண்ண ஓவியமுமாக இருக்கும். நாங்கள் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

விமானத்துக்குள் காத்திருந்த எங்களுக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் வந்தன. மழை காரணம் என்பதால் இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை, விதியே அப்படி. எண்ணெய் போட்டு முடிந்தது. மதுரையில் மழை விட்டதா என்று தகவல் வர வேண்டும், இறங்கியவர்களின் கணக்கைச் சரிசெய்து புதுப் பட்டியல் போட வேண்டும், பைலட்டுக்கு அன்றைய பணி நேரம் மிச்சம் இருக்க வேண்டும். இவற்றில் எது நின்றாலும் வண்டி நிற்கும். கடைசியாகச் சொன்னதை நினைத்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மதுரை நிலையம் 2024 அக்டோபரில்தான் 24 மணி நேரத்துக்கு மாறியது. அதற்கு முன்பாக இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு மதுரையில் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று சொல்லி எங்களை பஸ்ஸில் ஏற்றியிருப்பார்கள்.

10:30-க்குக் கதவு மூடியது. 10:45-க்கு எழும்பினோம்.

அந்த 27 நிமிடம்

மதுரையில் சக்கரம் தரையைத் தொட்டபோது 11:12. கீழே சொல்லப்போகும் வேக வரம்பில் போனால்கூட நேர்தூரத்துக்கு வேண்டியது 16 நிமிடம்தான். மீதி 11 எங்கே போனது?

இரண்டு நிலையத்து ஓடுதளமும் கிழக்கு மேற்காக ஒரே திசையில் இருக்கின்றன, 09/27 என்று எண் போட்டிருப்பார்கள். அதாவது 90 பாகை, 270 பாகை. ஆனால் திருச்சியிலிருந்து மதுரை இருப்பது தென்மேற்கில். எந்த முனையில் ஏறினாலும் மதுரையைப் பார்த்தபடி ஏற முடியாது. ஏறிவிட்டுத் திரும்ப வேண்டும். ஐப்பசிக் காற்று கிழக்கிலிருந்து வந்தால் காற்றை எதிர்த்துக் கிழக்கே ஏற வேண்டும், மதுரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மதுரை வந்த பிறகும் அதே கூத்து. கிழக்கு நோக்கி இறங்க வேண்டுமென்றால் ஊரைத் தாண்டி மேற்கே போய்த் திரும்பி வர வேண்டும். நீண்ட பயணத்தில் இந்தச் சுற்றெல்லாம் கரைந்துவிடும். 123 கிலோமீட்டரில் சுற்றுதான் பயணத்தில் பாதி.

வேகமும் அப்படித்தான். பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது வரம்பு. மணிக்கு 463 கிலோமீட்டர். இவ்வளவு பக்கத்து ஊருக்கு மேலே ஏறி நிமிர்வதற்குள் இறங்க வேண்டிவரும். அதனால் ஜெட் விமானமாக இருந்தாலும் ஏடிஆர் மாதிரிதான் ஓட்ட வேண்டியிருக்கும். 800 என்று வைத்துப் போட்ட கணக்கு எந்த வண்டிக்கும் பொருந்தாது. இருந்தாலும் அந்த 39-ஐ முழுப் பொய் என்று தள்ள முடியாது. கதவு மூடியதிலிருந்து மதுரையில் கதவு திறந்தது வரை எடுத்தால் 50 நிமிடம், சக்கரம் விட்டுச் சக்கரம் தொட்டால் 27. இரண்டுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. தப்பான வழியில் போய்ச் சரியான தெருவுக்கு வந்த ஆட்டோ மாதிரி.

எங்களுக்கு வீல்சேர் வந்து, பெட்டி வந்து, வாசலுக்கு வந்தபோது 11:45. வில்லாபுரம் வீடு பக்கம்தான், 12:10-க்கு உள்ளே போய்விட்டோம்.

யார் எப்போது போய்ச் சேர்ந்தார்கள்

மேலூர் அண்ணனும் நானும் நம்பர் வாங்கிக்கொண்டிருந்தோம், மறுநாள் பேசினேன். கார் கிடைத்துக் கிளம்பியபோது 9:50. பூதக்குடி டோல்கேட் தாண்டி துவரங்குறிச்சியில் நிறுத்தி இருபது நிமிடம் பரோட்டா. மேலூர் வீட்டுக்கு 11:40. விமானத்திலேயே இருந்திருந்தால் கைப்பையோடு 11:30-க்கு வெளியே வந்து, கார் பிடித்து 12:20. பரோட்டாவையும் சேர்த்து நாற்பது நிமிட லாபம். நிறுத்தாமல் போயிருந்தால் ஒரு மணி நேரம். கார் காசை அவர் நஷ்டத்தில் சேர்க்கவில்லை. ‘பரோட்டா நல்லா இருந்துச்சு தம்பி’ என்றார்.

காரைக்குடித் தம்பதியின் கணக்கை நானே போட்டேன். பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். எங்களோடு வந்திருந்தால் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. இரண்டு மணி நேர வித்தியாசம்.

திருமங்கலத்துப் பையனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. மேலூரில் அண்ணன் இறங்கிக்கொண்டார். அதற்கு மேல் காருக்கு முழுக் காசும் அவன் தலையில். சிட்டம்பட்டி டோல்கேட், அப்புறம் உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை 27 கிலோமீட்டர் ரிங் ரோடு. வீட்டுக்குப் போனபோது 12:45 என்று அண்ணனுக்குச் செய்தி போட்டிருக்கிறான். விமானத்தில் இருந்திருந்தால் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்திருப்பான். அதோடு முடியவில்லை. அவனுடைய பைக் மதுரை விமான நிலையத்து ஸ்டாண்டில் நின்றது. அதை எடுக்க மறுநாள் பஸ் ஏறி வந்தானாம்.

ஒரே மழை, ஒரே விமானம், ஒரே 123 கிலோமீட்டர். ஒருவருக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது, இன்னொருவருக்கு முக்கால் மணி நேரமும் கார் காசும் ஒரு பஸ் டிக்கெட்டும் போனது. இறங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தபோது எத்தனை மணிக்கு விமானம் கிளம்பும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். என் கையில் இருந்த குறிப்பைப் பார்த்தால் அதைவிட முக்கியமான கேள்வி வேறு: என் வீடு இந்தக் கோட்டில் எங்கே இருக்கிறது? துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்றால் இறங்கிவிடலாம். ஒத்தக்கடை என்றால் பூவா தலையா போட்டுப் பார்க்கலாம். அதற்குத் தெற்கே என்றால், வண்டி ராத்திரிக்குக் கிளம்பாது என்று பைலட் வாயால் சொல்லும்வரை நகரக் கூடாது.

இரண்டு நிலையத்தையும் ஒரே பயணத்தில் கோப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்களில் பலர் திருச்சியில்தான் ஏறுகிறார்கள். வடக்கே எங்கோ வேலை பார்க்கும் பையன் மதுரை வந்து இறங்கி, அதே நாளில் திருச்சியில் வெளிநாட்டு விமானம் ஏறுவதாகத் திட்டம் போடுவான். திரையில் 39 நிமிடம் என்று பார்த்துவிட்டு, ரோட்டில் போனால் என்ன, ரெண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வான். சாலைக்கு இரண்டரை மணி நேரம் வைக்க வேண்டும், ரிங் ரோட்டில் லாரி நெரிசல் இருக்கும். மதுரையில் பெட்டி வர அரை மணி. வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆக ஆறு மணி நேரம். தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் வண்டி தாமதமானால் இரண்டாவது வண்டிக்காரர் பொறுப்பேற்கவும் மாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் என்றால் முந்தின நாளே வந்து வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஏன் விமானம் விடவில்லை என்பது இதற்குள்ளேயே அடங்கிவிட்டது. 27 நிமிடம் பறக்க ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும், இரண்டு ஊரிலும் நிலையத்துக்குப் போக வர நேரம் தனி. அதற்குள் மாட்டுத்தாவணியில் ஏறியவர் விராலிமலை மயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்ததும், அத்தை பாண்டியனில் தூங்கிக்கொண்டே வந்திருக்கலாம் என்று ஆரம்பித்தாள். சென்னையில் நகர்ந்ததிலிருந்து மதுரை வாசலுக்கு வர 4 மணி 40 நிமிடம்தான் ஆனது, எந்த ரயிலும் அவ்வளவு சீக்கிரம் வராது என்று குறிப்பைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. போர்டிங் பாஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘திருச்சிக்குப் போனோம்னு இதுல எங்கயுமே போடலையேடா’ என்றாள். ‘திருச்சியில இருந்து மதுரைக்கு ஃபிளைட்டுல வந்தேன்னு நாளைக்கு எவகிட்டடா சொல்றது? எவ நம்புவா?’